டேக்கிளுக்குத் தண்டனையா, காயத்துக்குத் தண்டனையா? என்.ஆர்.எல். ஜூடிஷியரி பற்றி ஒரு இழை

பரமட்டாக்காரன்:

என்.ஆர்.எல்., அதாவது ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டி, பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் தனி இழையாகவே போடுகிறேன். வாரக் கடைசியில் யாராவது ஒருவர் அபாயகரமான டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்துத் தடுப்பது) போட்டு மாட்டுகிறார், அடுத்த இரண்டு நாளும் அவருக்கு எத்தனை ஆட்டம் தடை என்ற பேச்சுதான். அந்த எண் எப்படி வருகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. என் கேள்வி ஒன்றுதான். தண்டனை அந்த டேக்கிளுக்கா, இல்லை அதனால் எதிராளிக்குப் பட்ட காயத்துக்கா?

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் மேட்ச் ரிவியூ கமிட்டி வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. குற்றம் என்று பட்டால் அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள், கேர்லெஸ் ஹை டேக்கிள் (கவனமில்லாமல் தலையிலோ கழுத்திலோ படுவது), டேஞ்சரஸ் த்ரோ (ஆபத்தாகத் தூக்கிப் போடுவது), க்ரஷர் (கழுத்தை அமுக்கி மடக்குவது) என்று. கூடவே 1 முதல் 3 வரை ஒரு கிரேடு. உடனே ஒப்புக்கொண்டால் தண்டனை குறைவு, எதிர்த்துப் போய்த் தோற்றால் அதிகம். எதிர்த்தால்தான் ஜூடிஷியரி, அதாவது ஒழுங்கு விசாரணைக் குழுவின் விசாரணை. முன்னாள் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், சட்டம் தெரிந்த ஒருவர் தலைமை, இரண்டு பக்கமும் வக்கீல், அதே நாலு விநாடி வீடியோ பல கோணங்களில் மெதுவாக ஓடும். ரொம்ப மோசமான டேக்கிள் என்றால் கிரேடு போடாமல் நேராக ஜூடிஷியரிக்கே அனுப்பிவிடுவார்கள்.

அப்படி நேராகப் போனதுதான் 2014-ல் ஜோர்டன் மெக்லீன் கேஸ். மார்ச் 24, மெல்போர்ன் ஏஏஎம்ஐ பார்க், மெல்போர்ன் ஸ்டார்ம் அணியும் நியூகாசில் நைட்ஸ் அணியும் ஆடிய ஆட்டம். நைட்ஸின் அலெக்ஸ் மெக்கினன் பந்தோடு வருகிறார், ஸ்டார்மின் மெக்லீனும் பிராம்விச் சகோதரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்கிறார்கள், கால் மேலே போகிறது, உடம்பு கவிழ்கிறது, தலை தரையில் குத்துகிறது. கழுத்து முறிந்துவிட்டது. 22 வயதில் அவர் ஆட்டம் அன்றோடு முடிந்தது. மெக்லீனுக்கும் அப்போது 22தான். 7 ஆட்டம் தடை கொடுத்தார்கள்.

கால் தூக்கப்பட்டு, ஆனால் தோளில் விழுந்து எழுந்து போன ஆட்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த டேக்கிள்களுக்கு ஒரு ஆட்டம், மிஞ்சிப் போனால் இரண்டு. டேக்கிள் போட்டவன் செய்தது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். விழுந்த விதத்தில் ஏழெட்டு அங்குல வித்தியாசம். அந்த அங்குலக் கணக்குக்கு ஒருவனைத் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுதா (வெஸ்ட்மீட்):

நான் மறுவாழ்வுப் பிரிவில் ஃபிசியோவாக இருக்கிறேன், அதனால் அந்த "ஏழெட்டு அங்குலம்" என்ற வார்த்தையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. மெக்கினனுக்கு முறிந்தது கழுத்தில் நான்காவது எலும்பும் ஐந்தாவது எலும்பும். அந்த இடத்தில் தண்டுவடம் முழுதாக அடிபட்டால் பொதுவாக என்ன மிஞ்சும் என்று சொல்கிறேன். தோளைத் தூக்க வரும். முழங்கையை மடக்க வரும், நீட்ட வராது. விரல் ஒன்றும் அசையாது. சாப்பிட வேண்டும் என்றால் உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி அதற்குள் ஸ்பூனைச் செருகுவோம், தோளையும் முழங்கையையும் வைத்தே ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகக் கற்றுக்கொடுப்போம். ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட அரை மணி நேரம் ஆகும், ஆரம்பத்தில் பாதி மடியில்தான் இருக்கும். அதைச் செய்துகாட்டும்போது 20 வயதுப் பையன்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் நிலை இது. காயம் பட்டால் தண்டனையைக் கூட்டு, படவில்லை என்றால் குறைக்காதே. "எழுந்து ஓடிவிட்டானே" என்பது டேக்கிள் போட்டவனுக்குச் சாதகமாகப் போகவே கூடாது. பரமட்டாக்காரன் 7-ஐக் கீழே இறக்கப் பார்க்கிறார், நான் அந்த 1-ஐயும் 2-ஐயும் மேலே ஏற்றச் சொல்கிறேன்.

ஊதாச்சட்டை:

நான் ஸ்டார்ம் ரசிகன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக நான் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

மெக்லீன் கேஸில் யாரும் பேசாத விஷயம், அந்த டேக்கிளில் மூன்று பேர். குற்றச்சாட்டு ஒருவர் மேல் மட்டும். விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தலையோ கழுத்தோ முதலில் தரையில் படக்கூடிய நிலைக்கு எதிராளியைத் தூக்கினால் அது டேஞ்சரஸ் த்ரோ, நியாயமான கவனத்தோடு ஆடியிருந்தாலும் அந்த நிலையைத் தவிர்த்திருக்க முடியாது என்றால் மட்டும் விலக்கு. மொத்த விசாரணையும் அந்தக் கடைசி வரியில்தான் நடக்கும். மூன்று பேர் மூன்று திசையில் தள்ளும்போது காலைத் தூக்கியவனால் எவ்வளவைத் தவிர்க்க முடியும்? விழும்போது மெக்கினன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார் என்றும் மெக்லீன் தரப்பு வாதாடியது. குழு ஏற்கவில்லை. மெக்கினனுக்கு நடந்தது கொடுமை, அதில் மாற்றுப் பேச்சே இல்லை, ஆனால் அந்த வாரம் நாடே அழுதுகொண்டிருந்தபோது அந்தக் குழு வேறு எந்தத் தீர்ப்பைத்தான் கொடுத்திருக்க முடியும்?

எங்கள் கிளப்புக்கு இது பழைய காயம். 2008 அரையிறுதியில் பிரிஸ்பேனின் சாம் தைடே மேல் கிராப்பிள் டேக்கிள் (கழுத்தைப் பிடித்து முறுக்குவது) என்று எங்கள் கேப்டன் கேமரன் ஸ்மித்துக்கு 2 ஆட்டம் தடை. அவர் இல்லாமல் இறுதியாட்டம், மேன்லியிடம் 40-0 தோல்வி. விசாரணையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்குக் கிளப்புக்கு 50,000 டாலர் அபராதம் வேறு.

கண்டிப் பெடியன்:

நான் றக்பியின்ர மற்ற வகையான யூனியன் பார்த்து வளர்ந்தவன், இஞ்ச வந்த பிறகுதான் லீக் பழகினது. யூனியனில இதே கேள்விக்கு வேறு விதமாப் பதில் வைச்சிருக்கினம், அதைச் சொன்னால் உதவும் எண்டு நினைக்கிறன்.

அங்க தலையில பட்டுச் சிவப்பு அட்டை எண்டால் தண்டனை தொடங்கிற இடமே 6 கிழமை. ஆளுக்குக் காயம் பட்டதோ இல்லையோ, தொடக்கம் அதுதான். பிறகு பழைய பதிவு சுத்தம், உடனே ஒப்புக்கொண்டது எண்டு பாதி வரைக்கும் குறையும். டேக்கிள் பயிற்சி வகுப்புக்குப் போனால் இன்னொரு கிழமையும் கழியும். ஆனபடியால் சுதா அக்கா கேக்கிறது அங்க ஓரளவுக்கு நடைமுறையில இருக்கு.

ஆனால் அங்கயும் சண்டை இல்லாமல் இல்லை. 2023 ஓகஸ்ட்டில வேல்ஸ் ஆட்டத்தில இங்கிலாந்தின்ர ஓவன் ஃபரல் வேல்ஸின்ர டேன் பாஷமின்ர தலையில தோளால இடிச்சார். மஞ்சள் அட்டை, வீடியோ பார்த்துச் சிவப்பாக்கினவை. விசாரணைக் குழு சிவப்பை ரத்துச் செய்துபோட்டுது. கடைசி நேரத்தில இன்னொரு இங்கிலாந்து ஆட்டக்காரர் பாஷமோட மோதினதால பாஷமின்ர திசை திடீரெண்டு மாறினது எண்டு காரணம். பிறகு உலக றக்பி அமைப்பே மேல்முறையீடு செய்து, 4 ஆட்டத் தடை வந்தது, உலகக் கோப்பையின்ர முதல் இரண்டு ஆட்டமும் போச்சு. ஒரே வீடியோ, பத்து நாளுக்குள்ள இரண்டு தீர்ப்பு. எழுத்தில எவ்வளவு தெளிவா விதி போட்டாலும் "தவிர்த்திருக்கலாமா" எண்ட கேள்வியில வந்துதான் நிக்கும்.

பிரிஸ்பேன் மணி:

ஹிப் டிராப் பற்றி யாரும் தொடவில்லையே. எனக்கு இதில்தான் அதிகக் கோபம், ஏனென்றால் ஆளைத் தலைகீழாகத் தூக்குவது கண்ணுக்குத் தெரியும், பார்ப்பவர்கள் எல்லாரும் ஐயோ என்று எழுந்து நிற்போம், ஹிப் டிராப் அப்படி இல்லை. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தவன் தன் கால்களைத் தரையிலிருந்து எடுத்து, உடம்பைச் சுழற்றி, முழு எடையோடு எதிராளியின் கெண்டைக்காலுக்குப் பின்னால் உட்காருகிறான். பாதம் புல்லில் பதிந்திருக்கும், அதனால் கால் எங்கேயும் போக முடியாது. நூறு கிலோ ஆள் அதன் மேல் இறங்குகிறான். கணுக்காலோ முழங்காலோ ஏதாவது ஒன்று போகும்.

2022 ஜூலைக் கடைசியில் எங்கள் பேட் கேரிகன் வெஸ்ட்ஸ் டைகர்ஸின் ஜாக்சன் ஹேஸ்டிங்ஸுக்குச் செய்தது இதுதான். ஹேஸ்டிங்ஸுக்குக் கால் முறிந்து சீசன் முடிந்தது. கேரிகன் நேராக ஜூடிஷியரிக்குப் போய் 4 ஆட்டம் வாங்கினார். நான் பிரிஸ்பேன் பிராங்கோஸ் ரசிகன், கேரிகன் எனக்குப் பிடித்த ஆட்டக்காரர், இருந்தாலும் அந்த 4 குறைவு என்றுதான் சொல்வேன்.

தைடே பற்றி ஊதாச்சட்டை எழுதியதற்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கிராப்பிளைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை மெதுவாக்கியதில் உங்கள் கிளப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கழுத்தைப் பிடித்து முறுக்குகிற டேக்கிளைப் பாணியாகவே வைத்துக்கொண்டால் முக்கியமான ஒரு வாரத்தில் மாட்டத்தான் செய்வோம்.

ஊதாச்சட்டை:

மணி, மல்யுத்தப் பயிற்சி எல்லாக் கிளப்பும்தான் எடுத்தது. ஆனால் கழுத்தைத் தொட்டால் தண்டிக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் வருத்தம் அளவுகோல் மாறிக்கொண்டே இருப்பது. 2018-ல் பில்லி ஸ்லேட்டர் கேஸ் எங்களுக்குச் சாதகமாகத்தான் முடிந்தது, அதையும் சொல்கிறேன். குரோனுல்லாவோடு நடந்த ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கப் போன சோசாயா ஃபெகியை ஓரத்தில் இடித்து வெளியே தள்ளினார், ஷோல்டர் சார்ஜ் (கையால் பிடிக்காமல் தோளால் இடிப்பது) என்று குற்றச்சாட்டு. 2013-லிருந்தே தடை செய்யப்பட்ட டேக்கிள். விசாரணையில் தோற்றால் அவருடைய கடைசி ஆட்டமான இறுதியாட்டமே இல்லை. குற்றமில்லை என்று விட்டார்கள், ஆடினார், ரூஸ்டர்ஸிடம் 21-6 தோற்றோம். எனக்கு அன்று சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தடை ஏன் வேண்டும் என்று யோசித்தால், தடை வந்த பிறகும் 2015-ல் குயின்ஸ்லாந்துக் கோப்பை ஆட்டத்தில் ஷோல்டர் சார்ஜில் அடிபட்டு ஜேம்ஸ் ஆக்கர்மேன் இறந்துபோனார், அதையும் வைத்துப் பார்த்தால், ஸ்லேட்டருக்குக் கிடைத்த அந்தச் சந்தேகத்தின் பலன் எல்லாருக்கும் கிடைக்குமா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

டூங்காபி அப்பா:

இதுவரைக்கும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பையன் ஜூனியர் லீக் ஆடுகிறான். எனக்கு ஒரு சந்தேகம். பெரிய ஆட்டத்துக்கு முந்தின வாரம் வருகிற கேஸ்களை வேறு மாதிரிப் பார்க்கிறார்களா? 2014-ல் சவுத் சிட்னியின் ஐசக் லூக் இறுதியாட்டம் ஆட முடியாமல் போனது ஞாபகம் இருக்கிறது, ஸ்லேட்டர் தப்பித்துவிட்டார். இரண்டும் வேறு வேறு குற்றம் என்பது தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பரமட்டாக்காரன்:

டூங்காபி அண்ணா, லூக் கேஸ் டேஞ்சரஸ் த்ரோ, சோனி பில் வில்லியம்ஸைத் தூக்கியது. கிரேடு 1, இருப்பதிலேயே கீழ்ப்படி. எதிர்த்துப் பார்த்தார், தோற்றார். சவுத் சிட்னி 43 வருஷம் கழித்துக் கோப்பை வாங்கிய ஆட்டத்தை, புல்டாக்ஸை 30-6 என்று ஜெயித்த ஆட்டத்தை, அவர் ஆட முடியவில்லை. அப்போது புள்ளிக் கணக்கு இருந்தது, 100 புள்ளிக்கு ஒரு ஆட்டம் தடை, பழைய குற்றங்களுக்கு மேல்சுமை, மிச்சப் புள்ளி அடுத்த கேஸுக்கு ஒட்டிக்கொண்டு வரும், உடனே ஒப்புக்கொண்டால் 25 சதவீதம் தள்ளுபடி. 2022-ல் அதை எடுத்துவிட்டு நேரடியாக அபராதம், ஆட்டத் தடை என்று மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தில்தான் எனக்குப் பெரிய குறை. அப்போது வைத்த கணக்கில், முதல் தடவை கிரேடு 1 கேர்லெஸ் ஹை டேக்கிள் என்றால் ஒப்புக்கொண்டவருக்கு 1,000 டாலர் அபராதம், எதிர்த்துத் தோற்றால் 1,500. இரண்டாம் தடவை 1,800. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டா? பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வாரம் ஆடுகிறார். 500 டாலர் வித்தியாசத்துக்காக எவனும் போய் வாதாட மாட்டான், அதனால் அந்த டேக்கிள் சரியா தவறா என்று யாருமே உட்கார்ந்து பேசுவதில்லை. விசாரணை நடப்பதே ஆட்டம் பறிபோகிற கேஸ்களில்தான்.

நீண்ட தடை வந்தாலும் அடிபட்ட அணிக்குப் பலன் இல்லை. சவுத் சிட்னியின் (சவுத்ஸ்) லட்ரெல் மிட்செல் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள், 2021 ஆகஸ்ட். ரூஸ்டர்ஸின் ஜோசப் மானுவின் முகத்தில் தோளால் அடித்தார், கன்னத்தெலும்பு உடைந்தது. களத்தில் சின் பின் மட்டும், அதாவது 10 நிமிஷம் வெளியே. சவுத்ஸ் 54-12 ஜெயித்தது. ரெஃபரிகளைத் திட்டியதற்கு ரூஸ்டர்ஸ் கோச் ட்ரென்ட் ராபின்சனுக்கு 20,000 டாலர் அபராதம். மிட்செல் ஒப்புக்கொண்டு 6 ஆட்டம் வாங்கினார், இறுதிச் சுற்று முழுக்கப் போச்சு, சவுத்ஸ் இறுதியாட்டத்தில் பென்ரித்திடம் 14-12 தோற்றது. இதில் ரூஸ்டர்ஸுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் ஆளை இழந்தார்கள், ஆட்டத்தைத் தோற்றார்கள், தடையின் பலன் முழுக்க வேறு அணிகளுக்குப் போனது. களத்திலேயே வெளியே அனுப்பியிருந்தால் சவுத்ஸ் 12 பேரோடு ஆடியிருக்கும், அடிபட்ட அணிக்கு அன்றே கொஞ்சமாவது நியாயம் கிடைத்திருக்கும். அதனால்தான் காயத்தை வைத்துத் தடையை நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீட்டினாலும் அடிபட்டவனுக்குப் போய்ச் சேரவில்லை.

பிரிஸ்பேன் மணி:

களத்திலேயே வெளியே அனுப்புவதையும் ஒரு தடவை செய்துபார்த்தார்களே. 2021 மே மாதம் மேஜிக் ரவுண்டுக்கு (எல்லா அணியும் ஒரே மைதானத்தில் ஆடுகிற வாரம்) நான் நேரில் போயிருந்தேன், சன்கார்ப் ஸ்டேடியம். தலையில் பட்டால் உடனே வெளியே என்று திடீரென்று இறுக்கினார்கள். அந்த ஒரு வாரத்தில் 3 பேர் சென்ட் ஆஃப் (மீதி ஆட்டம் முழுக்க வெளியே), 14 பேர் சின் பின். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று கத்தினார்கள், எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டார்கள், அதுதான் தப்பு. இறுக்கினால் இறுக்கியபடி இரண்டு சீசன் விட வேண்டும், பயிற்சியில் டேக்கிள் உயரம் தானாக இறங்கியிருக்கும்.

2024 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதுகிற தொடர்) முதல் ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸின் ஜோசப் சுவாலியை ஆரம்ப நிமிஷங்களிலேயே சென்ட் ஆஃப் செய்தார்கள், அவர் அடித்த குயின்ஸ்லாந்தின் ரீஸ் வால்ஷ் நினைவில்லாமல் கிடந்தார். நியூ சவுத் வேல்ஸ் மீதி ஆட்டம் முழுக்க 12 பேர். பரமட்டாக்காரன் சொல்கிற நியாயம் அன்று கிடைத்தது, அதற்கு மேல் 4 ஆட்டத் தடையும் வந்தது. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சுதா (வெஸ்ட்மீட்):

பரமட்டா தம்பி, 1,000 டாலர் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் "காயத்தைப் பார்க்காதே" என்று நீங்கள் சொல்லும்போது எலும்பு முறிவை மட்டுமே காயம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். தலையில் விழுகிற அடியின் பாதிப்பு அடுத்த வாரம் நடக்கிற விசாரணைக்குள் தெரிவதில்லை. ஸ்டீவ் ஃபோக்ஸ் புல்டாக்ஸுக்கு ஆடியவர், கோச்சாகக் கோப்பையும் வாங்கித் தந்தவர், 2018-ல் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய்) இருந்தது தெரிந்தது. இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் பால் கிரீன் 2022-ல் இறந்தார், அவருக்கும் அதே. உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அவர்கள் ஆடிய காலத்தில் வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் பெனால்டியோ ஒன்றுமில்லையோ, எழுந்து ஆடினார்கள்.

இப்போது மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் 11 நாள் கட்டாய ஓய்வு, 2023-லிருந்து. அதாவது அடிபட்டவன் அடுத்த ஆட்டத்தைப் பெரும்பாலும் இழக்கிறான், அடித்தவன் 1,000 டாலர் கட்டிவிட்டு ஆடுகிறான். இந்த ஒன்றையாவது மாற்ற வேண்டும். தலையில் பட்டு எதிராளி அந்த ஓய்வுக்குப் போனால், அவன் திரும்பி வரும் வரைக்கும் அடித்தவனும் வெளியே இருக்கட்டும். இது கிரேடுக்கு மேல் கூடுதல், அதற்குப் பதில் இல்லை.

பரமட்டாக்காரன்:

சுதா அக்கா, அந்த யோசனையில் ஒரு சிக்கல். ஆள் எப்போது திரும்புவான் என்பதை முடிவு செய்வது அடிபட்ட அணியின் டாக்டர். இறுதிச் சுற்றில் எதிரணியின் முக்கிய ஆட்டக்காரன் வெளியே இருப்பது யாருக்கு லாபம்? டாக்டர்கள் நேர்மையாக இருப்பார்கள் என்றே நம்புகிறேன், ஆனால் அந்த அழுத்தத்தை அவர்கள் மேல் ஏற்றவே கூடாது. நிலையான எண் வேண்டும். யூனியன் மாதிரி, தலையில் பட்டால் குறைந்தது இத்தனை ஆட்டம், காயம் பற்றி யாரும் வாயே திறக்க வேண்டாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனை யார் மேலும் மோதாமல் வீடு வந்து சேர்ந்தான் என்பதற்காக யாரும் விட்டுவிடுவதில்லை, மாட்டினால் லைசென்ஸ் போகும். டேக்கிளிலும் அதைத்தான் கேட்கிறேன்.

சுதா (வெஸ்ட்மீட்):

அதே சட்டம் ஆளைக் கொன்றவனுக்கு வருஷக்கணக்கில் ஜெயிலும் கொடுக்கிறதே தம்பி. லைசென்ஸ் பறிப்பதோடு நிறுத்துவதில்லை. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

டாக்டர் பற்றிச் சொன்னது நியாயம். அப்படியானால் 11 நாளையே எண்ணாக வைத்துக்கொள்ளட்டும், மேலே போக வேண்டாம்.

டூங்காபி அப்பா:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பையனின் கோச் சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு முன்னால் டிவியில் வந்த டேக்கிளைத்தான் உதாரணமாகப் பேசுகிறார். பையன்கள் என்னிடம் கேட்பது "அது தப்பா அங்கிள்" என்று இல்லை, "அவருக்கு எத்தனை வாரம்" என்றுதான். அபராதம் என்று சொன்னால் அது தப்பே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன சீசனில் எங்கள் அணிப் பையன் ஒருவன் இன்னொருவனின் தொடையைப் பிடித்துத் தூக்கினான், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை, ரெஃபரி பெனால்டி கொடுத்தார், அந்தப் பையனின் அப்பா வந்து "ஒன்றும் ஆகவில்லையே, எதற்குப் பெனால்டி" என்று சண்டைக்கு நின்றார். அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதனால் என் ஓட்டு நிலையான எண்ணுக்கு.

கண்டிப் பெடியன்:

நிலையான எண் நல்லது, ஆனால் அண்ணை, எண்ணை வைச்சிட்டு விசாரணையை எடுத்துப்போடக் கூடாது. ஃபரல் கேஸில முதல் குழு பிழை விட்டது எண்டதை ஏன் எங்களுக்கெல்லாம் விளங்கினது எண்டால், அவை காரணத்தை எழுதினவை, அதை வாசிச்சுத்தான் மேல்முறையீடே வந்தது. டேக்கிள் ஒவ்வொன்றுக்கும் ஏன் கிரேடு 1, ஏன் கிரேடு 2 எண்டு ரிவியூ கமிட்டி நாலு வரி எழுதிப் போட்டால் போதும், இந்தச் சண்டையில பாதி குறையும்.

ஊதாச்சட்டை:

அந்த நாலு வரிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒன்று, மூன்று பேர் பிடித்த டேக்கிளில் மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். காலைத் தூக்கியவன் ஒருவன், மேலே அழுத்தித் தள்ளியவன் இன்னொருவன், கேமராவில் முன்னால் தெரிகிறவன் மட்டும் மாட்டக் கூடாது.

பிரிஸ்பேன் மணி:

ஆமாம், ஹிப் டிராப்பிலும் அப்படித்தான். முன்னால் இரண்டு பேர் ஆளை நிமிர்த்திப் பிடித்து நிறுத்திவைப்பதால்தான் பின்னாலிருந்து மூன்றாமவன் தொங்க முடிகிறது. நிறுத்திவைத்தவர்கள் மேல் குற்றச்சாட்டு வந்து நான் பார்த்ததில்லை.

மெக்லீனுக்கு 7 சரி. கேரிகனுக்கு 6 கொடுத்திருக்க வேண்டும்.